பற்பசைக்குப் பக்கத்தில் ஒரு மனிதன்

மார்வா ஸ்டக்கியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவளுக்கு வாய் நீளம். இன்னொன்று, அவள் பல்லுக்காகக் கல்யாணம் செய்துகொண்டவள். முதலாவதை நான் மறுக்க மாட்டேன். இரண்டாவதை என் காதுபடச் சொல்கிறவர்களைச் சும்மா விடுவதில்லை. போன வாரம் மளிகைக் கடை வரிசையில் நின்ற ஒருத்தி இளித்துக்கொண்டே அதைச் சொன்னாள். அவள் பணம் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, கார் வரைக்கும் கூடவே நடந்துபோய், முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். ஐஸ்கிரீம் உருகுகிறது என்றாள். உருகட்டும் என்றேன்.

நானும் மார்வாவும் லாரி இருக்கைக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் எதிரெதிர் மிஷினில் உட்காருகிறவர்கள். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சோளக்காட்டு நடுவே இருக்கிற தொழிற்சாலை. மார்வா ஆள் குட்டை, கை பெரிசு. ஒரு தடவை மேற்பார்வையாளர் அவள் கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் நேராக அவர் மேஜைக்குப் போய், எதற்குப் போனாள், போன காரியம் எப்படி முடிந்தது என்று விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். வாரக் கடைசிக்குள் அந்த மனிதர் குறிப்பெழுதுவதை விட்டுவிட்டார்.

அவளுக்கு முதல் கல்யாணம் ரெக்ஸோடு. ரெக்ஸ் எப்படிப்பட்டவன் என்று கேட்டால், குடிகாரன் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. கல்லீரல் போய், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். அடக்கம் முடிந்த கையோடு மார்வாவுக்குப் போன் வர ஆரம்பித்தது. "நீங்கதானே மேடம் அவரோட மனைவி?" என்று தேன் ஒழுகக் கேட்பார்கள். ஆமாம் என்றால் பில் அவள் தலையில். உயிரோடு இருந்தபோது ஒரு செருப்புகூட வாங்கித் தராதவன், செத்த பிறகு இத்தனை பெரிய கடனை எழுதிவைத்துவிட்டுப் போனான். நிலத்தை விற்றாள். ஆடு மாடு எல்லாம் போனது. இரட்டை ஷிப்ட் பார்த்துக் கட்டினாள்.

"கோர்ட்டுல போய் ஒரே ஒரு கையெழுத்து போட்டேன் நெட்டா. அதுக்கு என் வயசெல்லாம் போச்சு. இனிமே எவனுக்கும் பொண்டாட்டின்னு எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து போட மாட்டேன்" என்றாள் என்னிடம். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ரெக்ஸின் டிராக்டரை ஏலம் விட வந்தவர்தான் ஆர்லோ பெக். செவ்வாய்தோறும் நடக்கிற கால்நடைச் சந்தையில் ஏலம் கூறுவது அவர் தொழில். ஆர்லோ வாய் திறந்தால் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடும், நடுவில் மூச்சு எங்கே விடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஏலம் முடிந்து, தன் கூலியை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மார்வாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன, எனக்குப் பிச்சை போடறியா?"

"அந்த டிராக்டரைப் பாத்தியா நீ? அதை ஒருத்தன் தலையில கட்டினதே என் வாழ்நாள் சாதனை. அதுக்குக் காசும் வாங்கினா சாமி கண்ணைக் குத்தும்" என்றார் ஆர்லோ.

ரெக்ஸ் செத்த பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ஆர்லோ ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தார், அப்புறம் அந்த வீட்டுக் கூரையை மாற்றிக் கொடுத்தார், அப்படியே தங்கிவிட்டார். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டில் எங்கள் மாவட்டக் கண்காட்சி நடக்கும். கடைசி நாள், பிள்ளைகள் வளர்த்த ஆடு, பன்றி, கன்றுக்குட்டிகளை ஏலம் விடுவார்கள். கடைசி ஆடு போனதும் ஆர்லோ சுத்தியலைக் கீழே வைக்க மாட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொள்வார். "இன்னும் ஒரு உருப்படி பாக்கி இருக்கு சார். பழைய ஏலக்காரன் ஒருத்தன். அங்கங்க அடிபட்டிருக்கு, ஆனா ஓடும். கேக்கறவங்க உண்டா?" என்பார். கொட்டகை முழுக்க மூன்றாவது பெஞ்சில் இருக்கிற மார்வாவைத் திரும்பிப் பார்க்கும். அவள் ஏலம் கேட்கிற எண் அட்டையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். "கேள்வி இல்லை. இன்னொரு வருஷம் கொட்டகையிலயே கட்டிப் போடுங்க" என்று ஆர்லோ சுத்தியலைத் தட்டுவார். எல்லோரும் சிரித்துக்கொண்டே எலுமிச்சைச் சாறு குடிக்கப் போவோம். நானும் சிரித்திருக்கிறேன். அந்த மனிதர் ஒவ்வொரு வருஷமும் நிஜமாகவே கேட்கிறார் என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

இப்போது அந்தக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி தருகிற மருத்துவக் காப்பீடு ஒரு தினுசு. வருஷத்தில் ஒரு பெரிய தொகை நம் கைக்காசு கரைகிற வரைக்கும் அது கண்ணைத் திறக்காது. அதற்கு ஆறுதலாக உடல்நலச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்பே பிடித்து அதில் போட்டுவிடுவார்கள். வைத்தியச் செலவுக்கு எடுத்தால் வரி கிடையாது. வேறு எதற்காவது எடுத்தால் வரியும் உண்டு, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு அபராதமும் உண்டு. நாங்கள் எல்லாம் காய்ச்சல் மருந்துக்கும் பிள்ளைகளின் கண்ணாடிக்கும் அவ்வப்போது எடுத்துத் தின்றுவிடுவோம். மார்வா தொடவே மாட்டாள். அவள் மூக்குக் கண்ணாடியின் காது உடைந்தபோதுகூட இருக்கை தைக்கிற நைலான் நூலால் கட்டிக்கொண்டாள்.

"கண்ணாடிக்கு எடுக்கலாமேடி, அது செல்லும்" என்றேன்.

"எனக்கு உடம்பு விழறப்போ எடுப்பேன். ரெக்ஸ் பில்லுக்கு நான் அழுத மாதிரி என் பில்லுக்கு எவனும் அழக் கூடாது" என்றாள். எவன் என்றால் யார் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் வாழ்கிறவர்களையும் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ள எங்கள் கம்பெனி அனுமதிக்கும். மார்வா ஆர்லோவைச் சேர்த்திருந்தாள். அவர் பெயர் போட்ட அட்டை அவர் பையில் இருந்தது. காப்பீட்டில் பெயர் இருந்தால் சேமிப்புக் கணக்கும் அந்த ஆளுக்குச் செல்லும் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் மிஷின் வரிசையில் ஒருத்திக்கும் மாற்றி நினைக்கத் தோன்றியதில்லை.

போன வருஷ ஆரம்பத்தில் ஆர்லோவின் பல் ஒவ்வொன்றாகப் பழுக்க ஆரம்பித்தது. கன்னம் வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும். சந்தையில் ஏலத்தின் நடுவே நிறுத்திக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொள்வார். சந்தைக்காரர் கிளைட் இவரோடு பள்ளியில் படித்தவர். அவரே ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன் ஆர்லோ. அதுக்குள்ள வாய் சரியாகலைன்னா பக்கத்து மாநிலத்து இந்தியானாக்காரன் ஒருத்தனை ஏலத்துக்கு நிரந்தரமா வெச்சுக்குவேன். நான் என்ன பண்ண, மாடு விக்கணுமில்ல."

பல் டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்றார். கழற்றி மாட்டுகிற செட் போட்டுக்கொள்ளலாம், மலிவுதான். ஆனால் ஏலம் கூறுகிற வேகத்துக்கு அது தாங்காது. முன்னே இருந்த ஏலக்காரரின் செட் வாயிலிருந்து பறந்து பன்றி அடைப்பில் விழுந்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆகவே தாடை எலும்பில் திருகாணி இறக்கி, அதன்மேல் நிரந்தரமாகக் கட்டுகிற பல்தான் வேண்டும். அதன் விலைக்கு நல்ல நிலையில் இருக்கிற ஒரு பிக்கப் லாரி வாங்கலாம். காப்பீடு பல்லைத் தொடாது. ஆர்லோவிடம் அவ்வளவு பணம் இல்லை.

"என் கணக்குல இருக்கு" என்றாள் மார்வா.

"அது உன்னோடதுடி."

"பேசாம வாயைத் திற" என்றாள்.

மே மாதம் பிடுங்கினார்கள். மார்வா கணக்கு அட்டையை நீட்டினாள், வரவேற்பில் இருந்த பெண் இயந்திரத்தில் இழுத்தாள், பணம் போய்விட்டது. ஒரு கேள்வி இல்லை. ஈறு ஆறியதும் செப்டம்பரில் திருகாணி, டிசம்பரில் பல் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். ஆர்லோ நூடுல்ஸை மசித்த உருளைக்கிழங்கில் குழைத்து விழுங்கிக்கொண்டு, கொழகொழவென்று பேசிக்கொண்டு, சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஜூனில் கம்பெனி உணவுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சேமிப்புக் கணக்கை நடத்துகிற நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், பிரென்னன் என்று பெயர். டோனட் பெட்டிகளைத் திறந்துவைத்துவிட்டு, கணக்கு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று திரையில் இரண்டு பக்கமாகக் காட்டினான். வெயிலுக்குப் பூசுகிற களிம்பு செல்லும். ஆணுறை செல்லும் என்றான், பின்னால் ஒருத்தன் விசில் அடித்தான். காது மிஷின், அதற்குப் பேட்டரி, மாதவிடாய்ப் பஞ்சு, டாக்டரிடம் போய்வருகிற கார்ச் செலவுகூடச் செல்லும். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டுகிற நாய் வாங்கலாம். அந்த நாய்க்குத் தீனி போடலாம். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லாது. பல்லை வெள்ளையாக்கிக்கொள்ளச் செல்லாது. சும்மா தெம்புக்குத் தின்கிற வைட்டமின் செல்லாது. அந்தப் பக்கத்தின் கடைசி வரி பற்பசை.

மார்வா கையைத் தூக்கினாள். கேள்வி கேட்கக்கூட இல்லை, பெருமையடித்துக்கொள்ளத்தான் தூக்கினாள் என்று நினைக்கிறேன்.

"திருகாணி இறக்கிப் பல்லு கட்டறது செல்லும்ல?"

"தாராளமா மேடம்."

"அதான். ஆர்லோவுக்கு செப்டம்பர்ல கட்டறோம்."

"உங்க கணவருக்கா? நல்ல விஷயம்."

"கணவன் இல்ல. ஆர்லோ."

பையனின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "சட்டப்படி கல்யாணம் ஆகலையா மேடம்? அப்போ அது செல்லாது."

"இப்பதானே பல்லு செல்லும்னே?"

"பல்லு செல்லும் மேடம். ஆளு செல்லாது."

உணவுக்கூடத்தில் டோனட் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. மார்வா எழுந்தாள். "அவன் பேரு காப்பீட்டு அட்டையில இருக்கு தம்பி. உங்க ஆளுங்கதான் அடிச்சுக் குடுத்தாங்க."

"காப்பீடு கம்பெனி விதி மேடம், கணக்கு வரிச் சட்டம். ரெண்டும் வேற." அவன் நல்ல பையன்தான், உதவ நினைத்தான். "அவருக்கு ஆகற செலவுல பாதிக்கு மேல நீங்க பாத்துக்கறீங்களா? அவர் உங்களைச் சார்ந்திருக்காருன்னா வழி உண்டு."

"அவன் சோத்தை அவன் சம்பாதிக்கிறான். என் வீட்டுக் கூரையே அவன் போட்டது."

"அப்போ முடியாது மேடம்."

"அதாவது, தண்டச்சோறு தின்னுட்டு என் சோபாவுல கிடந்தான்னா அவனுக்குப் பல்லு உண்டு. உழைச்சுச் சாப்பிடறதால கிடையாது. நாய்க்குத் தீனி உண்டு, ஆர்லோவுக்குப் பல்லு கிடையாது. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?"

 மார்வா திரைக்கு நடந்துபோய், செல்லாத பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். "எங்க இருக்கான் என் ஆளு? காட்டு." விரல் கடைசி வரியில் நின்றது. இருக்கைக்குப் பஞ்சு அடைக்கிற பிரிவு டுவைட், இருக்கிற மூளையெல்லாம் நாக்கில் வைத்திருப்பவன், பின்னாலிருந்து கத்தினான்: "பற்பசைக்குப் பக்கத்துல உக்காரவை மார்வா." கூடமே வெடித்துச் சிரித்தது. எனக்கு அந்த டோனட் பெட்டியை அப்படியே எடுத்து டுவைட் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. அன்று செய்யாததற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

மதியம் அலுவலகத்து கெண்ட்ரா கூப்பிட்டு அனுப்பினாள். சலுகைகளைப் பார்த்துக்கொள்கிறவள், நகத்துக்கு வாரம் ஒரு நிறம் பூசுகிறவள். நானும் கூடப் போனேன். மே மாதம் எடுத்தது தப்பான செலவு, அதைக் கணக்கில் திருப்பிப் போட்டுவிட்டால் அபராதம் இல்லை என்றாள்.

"பணம் டாக்டர்கிட்ட போயாச்சு. பிடுங்கின பல்லைத் திருப்பி ஒட்டிட்டுக் காசைக் கேட்டு வாங்கட்டுமா?" என்றாள் மார்வா.

"கோபப்படாதீங்க. சிம்பிள், போய் ஒரு கல்யாணம் பண்ணிக்கோங்க. கணக்குப்படி பாத்தா அதான் லாபம்."

மார்வா வெளியே வந்துவிட்டாள்.  மிஷினில் உட்கார்ந்து ஒரு உறையை முழுக்கத் தைத்துவிட்டுத்தான் பேசினாள். "புருஷன்னு சொன்னா, அவன் கடனை என் தலையில கட்ட இவங்களுக்குச் சட்டம் இருக்கு. புருஷன் இல்லன்னு சொன்னா, என் காசுல அவனுக்கு நான் செலவு பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இதை எவன்டி உக்காந்து எழுதினான்?"

அபராதமும் வரியும் கட்டிவிட்டு எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தாள். மேல் வரிசைப் பல்லுக்கு மட்டும்தான் மிஞ்சும். கீழே வெறும் ஈறை வைத்துக்கொண்டு யாரும் ஏலம் கூற முடியாது.

அதற்குள் பற்பசை என்ற பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. "என்ன பற்பசை, சௌக்கியமா?" என்று பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். செவ்வாய்ச் சந்தையில் ஒருவன் ஏல மேடையில் ஒரு பற்பசைக் குழாயை நிற்கவைத்திருந்தான். ஆர்லோ அதை எடுத்துத் தலைக்குமேல் தூக்கி, பொக்கை வாயால் ஏலம் போட்டார். அரை டாலருக்குப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் பொழுது இருட்டும்வரை பிக்கப்பிலிருந்து இறங்கவில்லை என்று மார்வா சொன்னாள்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் அவர்களோடு சீட்டாடப் போவோம். ஜூலையில் ஒரு வெள்ளி, ஆட்டத்தின் நடுவே, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மார்வா சொன்னாள்:

"வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன். கோர்ட்டுக்குப் போய் அந்த எழவுக் கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடலாம்."

ஆர்லோ சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "எதுக்கு?"

"எதுக்கா? செப்டம்பர் வருதுல்ல."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"கல்யாணம் வேணாம். பல்லும் வேணாம்." பல்லில்லாத வாயில் வார்த்தை வழுக்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அத்தனை பேர் முன்னாடி வருஷா வருஷம் கேட்டேன். நீ அட்டை மேல உக்காந்தே. சிரிச்சேன். பரவாயில்லை, அவ பட்டவ, பயப்படறான்னு நினைச்சேன். இப்போ ஒரு கணக்கு சொல்லுதுன்னு கூப்பிடறே. நான் என்ன காது மிஷினா? பேட்டரியா?"

"உன் வேலை போயிடும்டா முட்டாள்."

"போகட்டும். மாட்டுக்குத் தண்ணி காட்டியாவது பொழைச்சுக்குவேன்."

மார்வா மேஜையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், சீட்டெல்லாம் தரையில். பின்கதவைச் சாத்தின வேகத்தில் சுவரில் இருந்த நாட்காட்டி விழுந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து சீட்டைப் பொறுக்க ஆரம்பித்தார். எனக்கு மூன்று பேர் மேலும் கோபம்: அவள் கேட்ட விதத்துக்காக அவள் மேல், ரோஷம் பார்க்கிற நேரமா என்று ஆர்லோ மேல், இரண்டு நல்ல மனிதர்களை இப்படிச் சண்டை மூட்டிவிட்டு எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற, அந்தச் சட்டத்தை எழுதின பெயர் தெரியாத ஆள் மேல்.

ஆகஸ்ட் வந்தது. கண்காட்சி ஏலத்தை இந்தியானாக்காரன்தான் நடத்தினான். பழகிய மரியாதைக்குக் கடைசி ஆட்டை மட்டும் ஆர்லோவிடம் விட்டார் கிளைட். ஆர்லோ மேடை ஏறினார். சலவைச் சட்டை, தொப்பி எல்லாம் சரியாக இருந்தது. வாயைத் திறந்ததும் எண்கள் எச்சிலோடு குழைந்து வந்தன. முன்வரிசையில் சில பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தன, ஒரு தகப்பன் தலையில் தட்டி அடக்கினான். ஆடு எப்படியோ விலை போனது. ஆர்லோ சுத்தியலைத் தட்டினார். தட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றாமல், அந்த இன்னொரு உருப்படியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், இறங்கத் திரும்பினார்.

"ஏய், ஏலம் முடியலை" என்றது ஒரு குரல். மூன்றாவது பெஞ்சில் மார்வா நின்றுகொண்டிருந்தாள். கையில் எண் அட்டை.

ஆர்லோ திரும்பினார். "முடிஞ்சது மார்வா."

"இன்னொரு உருப்படி பாக்கி."

"அது விக்கறதுக்கு இல்ல."

"விக்கறதுக்கு இல்லாததையா இத்தனை வருஷமா கொண்டுவந்து நிறுத்தினே? போடுடா ஏலம்."

"பல்லுக்காக நீ கேக்க வேணாம்."

கொட்டகையில் பன்றிகள் மட்டும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மார்வாவின் கழுத்து சிவந்து போயிருந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, கோபமாகத்தான் பேசினாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. நான் ஏன் உன்னைக் கட்டிக்கலை? உன்னைப் பிடிக்காமலா? நீ நாளைக்குப் படுத்தா அந்த பில்லு என் தலையில விழும், அதுக்குப் பயந்து. அதான் உண்மை, அசிங்கமான உண்மை. பொண்டாட்டின்னா என்னன்னு எனக்குத் தெரியும், நான் கட்டியிருக்கேன் அந்த பில்லை. இப்போ சொல்றேன், எல்லாரும் கேளுங்க. இவன் பல்லு பில்லும் என்னோடது. நாளைக்கு இவனுக்கு மாரு அடைச்சா அதுவும் என்னோடது. படுத்த படுக்கையா கிடந்து என் வீட்டையே கரைச்சாலும் என்னோடது. போன் பண்ணி நீங்கதானே மனைவின்னு கேட்டா, ஆமாடா நான்தான்னு சொல்லுவேன். இதுக்கு மேல ஒரு பொம்பளை என்னத்தைடா சொல்லணும் உனக்கு?"

 ஆர்லோ தொப்பியைக் கழற்றினார். "பழைய ஏலக்காரன் ஒருத்தன்" என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுத் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். கிளைட் அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, அவரே தட்டினார். டுவைட்கூடக் கை தட்டினான். தட்டட்டும், அந்த டோனட் கணக்கு அவனுக்கும் எனக்கும் இன்னும் பாக்கிதான்.

அடுத்த வியாழன் கோர்ட்டில் நானும் என் வீட்டுக்காரரும் துணைக்கு நின்றோம். மார்வா தொழிற்சாலைச் சட்டையோடுதான் வந்தாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நீதிபதி வயசான பெண்மணி, நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். இன்பத்திலும் துன்பத்திலும், வறுமையிலும் வளத்திலும் என்று அவர் போய்க்கொண்டிருக்க, மார்வா குறுக்கே கையைக் காட்டினாள்.

"அதெல்லாம் பத்தொன்பது வருஷமா நடந்துக்கிட்டுத்தான் இருக்கு அம்மா. அந்த நோய்னு ஒரு வரி வரும்ல, அதை மட்டும் கேளுங்க. அதுக்குத்தான் இங்க வரவெச்சிருக்காங்க."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நோயிலும் ஆரோக்கியத்திலும் கூட இருப்பாயா என்கிற அந்த வரியை மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். ஆர்லோவும் ஆமாம் என்றார், பல்லில்லாமலே தெளிவாக.

கெண்ட்ரா அலுவலகத்தில் கேக் வெட்டினாள், நல்ல முடிவு எடுத்தீர்கள் என்று. மார்வா தன் துண்டை வாங்கி அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு, அந்தப் பையன் பிரென்னனுக்குப் போன் போடச் சொன்னாள். திருகாணியும் பல்லும் இனி செல்லும் என்றான் அவன். மே மாதம் பிடுங்கினது என்று கேட்டாள். அப்போது அவர் உங்கள் கணவர் இல்லையே மேடம் என்றான். அது அப்படியேதான், வரியும் அபராதமும் உண்டு. ஒரே வாய், அதே டாக்டர், அதே நாற்காலி. பிடுங்கினது செல்லாதவனுடைய பல், கட்டப்போவது செல்லுகிறவனுடைய பல். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு ஆறவில்லை.

டிசம்பரில் பல் கட்டி முடித்த அன்று நான்தான் அவர்களைக் காரில் கூட்டிப்போனேன், பனி விழுந்துகொண்டிருந்தது. ஆர்லோ கண்ணாடியைப் பார்த்து, ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டினார், டாக்டர் கை தட்டினார். மார்வா கணக்கு அட்டையை நீட்டினாள். வரவேற்பில் இருந்த பெண் இயந்திரத்தில் இழுத்தாள். ஒரு கேள்வி இல்லை, உடனே போய்விட்டது. மே மாதமும் இப்படித்தான் போனது.